பதில்கள் வந்து சேராத மாஸ்டடான் சர்வர்: ரிலேயா, தேடி எடுப்பதா, இடம் மாறுவதா?

மாஸ்டடான் என்பது பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் தமக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் சமூக வலைத்தளம். அதில் பத்துப் பேரோ ஐம்பது பேரோ புழங்கும் சர்வரில் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான். வேறு சர்வரில் இருக்கும் ஒருவரின் பதிவைத் திறந்தால் இரண்டு பதில் தெரிகிறது. அதே பதிவை அவருடைய சர்வரிலேயே போய்ப் பார்த்தால் நாற்பது பதில் இருக்கிறது. புதிதாகப் பின்தொடர்ந்தவரின் பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஹேஷ்டேக்கைத் தேடினால் நம் ஆட்கள் எழுதியது மட்டும் வருகிறது. அட்மினின் சந்தேகம் முதலில் சர்வரின் வேகத்தின் மேல்தான் விழும். கூடுதல் ராம் வாங்குவார், அல்லது யாரோ சொன்னார்கள் என்று நாலைந்து ரிலேயை, அதாவது பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை மொத்தமாகக் கடத்தும் இடைநிலை சர்வரை, சேர்ப்பார். முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் டிஸ்க் நிரம்பும். பதில்கள் மட்டும் அப்போதும் இரண்டாகவே இருக்கும்.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: நம் சர்வரின் அஞ்சல் பாதையைச் சரிசெய்வது, மாஸ்டடான் 4.5 பதிப்புக்கு ஏறுவது, விடுபட்ட பதிவுகளைத் தேடி எடுக்கும் ஃபெடிஃபெட்சர் போன்ற ஸ்கிரிப்டை ஓட்டுவது, ரிலேயில் சேர்வது, சர்வரையே மாற்றுவது. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்கான மருந்து. அதனால் பதிவு வழியில் தொலைந்ததா, நமக்கு அனுப்பப்படவே இல்லையா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொலைந்ததா, அனுப்பவே இல்லையா

மாஸ்டடானும் அதுபோன்ற பிக்சல்ஃபெட், லெம்மி, கோடுசோஷியல் ஆகிய மென்பொருள்களும் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது. அதன் அடிப்படை எளிது. ஒருவர் பதிவிட்டதும், அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்கும், பதிவில் குறிப்பிடப்பட்டவர்களின் சர்வர்களுக்கும் அவருடைய சர்வர் ஒரு நகலை அனுப்பும். வேறு யாருக்கும் அனுப்பாது. 5,000 பின்தொடர்பவர்கள் 600 சர்வர்களில் பரவியிருந்தால், ஒரு சர்வருக்கு ஒரே நகல் என்ற பொது இன்பாக்ஸ் வசதியால் 600 நகல் போனால் போதும். 601வது சர்வராக நீங்கள் இருந்தால் உங்களுக்கு எதுவும் வராது. அது பழுதும் இல்லை. நெறிமுறை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

பதில்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும். ஒருவரின் பதிவுக்கு மூன்றாவது சர்வரிலிருந்து வரும் பதில், மூலப் பதிவரின் சர்வருக்கும் பதில் எழுதியவரைப் பின்தொடர்பவர்களுக்கும் போகும். மூலப் பதிவரின் சர்வர் அதைத் தன் பின்தொடர்பவர்களுக்கு முன்னோக்கி அனுப்பலாம். ஆனால் அந்தப் பதிலின் உள்ளேயே தனிக் கையொப்பம் இருந்தால்தான் மாஸ்டடான் அப்படி அனுப்பும், எல்லா மென்பொருளும் அந்தக் கையொப்பத்தைப் போடுவதில்லை. பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று உரையாடல் இழை ஆழமாகப் போகப்போக, இடையில் யாராவது முதல் பதிவரின் பெயரை நீக்கிவிட்டு எழுதுவார். அந்தக் கிளை அதற்குமேல் உங்கள் பக்கம் வராது.

இன்னொரு குறை அடித்தளத்திலேயே இருக்கிறது. ஆக்டிவிட்டிபப் செய்திகளுக்கு வரிசை எண் கிடையாது. அரட்டைக்கான மேட்ரிக்ஸ் நெறிமுறையில் ஒவ்வொரு நிகழ்வும் தனக்கு முந்தைய நிகழ்வைச் சுட்டும், அதனால் நடுவில் ஒன்று விடுபட்டால் பெறும் சர்வருக்கே தெரியும், கேட்டு வாங்கிக்கொள்ளும். இங்கே 7வது செய்தி வராமல் 8வது வந்தால் பெறுபவருக்கு எந்த ஐயமும் எழ வழியில்லை. தவறவிட்டதைத் தவறவிட்டவரால் அறிய முடியாது என்பதால்தான் இத்தனை துணைக் கருவிகள்.

பிரித்தறியும் சோதனை ஐந்து நிமிட வேலை. காணாமல்போன பதிவின் முகவரியை எடுத்து, உள்நுழைந்த நிலையில் உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பதிவு வந்துவிட்டால் உங்கள் சர்வர் அங்கே போய் எடுக்கும் பாதையாவது திறந்திருக்கிறது. வரவில்லை என்றால் பாதையிலேயே அடைப்பு. வந்தது என்றால் அடுத்த கேள்வி: அந்தப் பதிவு எழுதப்பட்ட நேரத்தில் உங்கள் சர்வரில் யாராவது அவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்களா? இல்லை என்றால் அது அனுப்பப்படவே இல்லாத பதிவு. ஆம் என்றால் அனுப்பியது தொலைந்திருக்கிறது. பத்துப் பதிவுகளை இப்படிப் பார்த்தால் எந்த நோய் என்று தெளிந்துவிடும். சிறிய சர்வர்களில் பெரும்பாலும் அனுப்பப்படவே இல்லாத வகைதான்.

முதலில் உங்கள் பக்கக் குழாய்

பாதையில் அடைப்பு, அல்லது அனுப்பியது தொலைகிறது என்று தெரிந்தால் வேறு எந்தக் கருவியையும் தொட வேண்டாம். தேடி எடுக்கும் ஸ்கிரிப்டும் ரிலேயும் இதே குழாய் வழியாகத்தான் ஓடும்.

மாஸ்டடானில் எல்லாப் பின்னணி வேலையும் சைட்கிக் என்ற வரிசை நிர்வாக நிரல் வழியே நடக்கும். உள்ளூர்ப் பயனர்களின் வேலை டிஃபால்ட் வரிசையில், வெளியே அனுப்புவது புஷ் வரிசையில், உள்ளே வருவது இன்கிரஸ் வரிசையில், உரையாடல் இழை தேடுதல் போன்ற சில்லறை வேலை புல் வரிசையில். நிர்வாகப் பக்கத்தில் சைட்கிக் பலகையைத் திறந்து ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். டிஃபால்ட்டில் சில விநாடி, புஷ்ஷில் ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் நலம். இன்கிரஸ் மட்டும் மணிக்கணக்கில் நின்றால், பதிவுகள் வந்துவிட்டன, ஆனால் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்று பொருள். பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்போது சைட்கிக் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை இழைகளின் (த்ரெட்) எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றும். ஒரு சைட்கிக் செயலிக்கு (பிராசஸ்) 25 இழை என்றால் தரவுத்தள இணைப்புத் தொகுப்பும் 25க்குக் குறையக் கூடாது. தரவுத்தளமான போஸ்ட்கிரஸ் இயல்பாக 100 இணைப்பைத்தான் அனுமதிக்கும். 25 இழையில் நான்கு செயலி ஓட்டினாலே 100 முடிந்தது, வலைப்பக்கம் காட்டும் பூமாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குமேல் போவதானால் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள். மாஸ்டடான் எழுதப்பட்ட ரூபி மொழியின் இயல்பால் ஒரு செயலி ஒரு சிபியு கோரைத்தான் நன்றாகப் பயன்படுத்தும். எனவே ஒரே செயலியில் 80 இழை வைப்பதைவிட 20 இழையில் இரண்டு செயலி வைத்து, ஒன்றை இன்கிரஸ் வரிசைக்கு மட்டும் ஒதுக்குவது மேல். நேரப்படி நடக்கும் வேலைகளுக்கான ஷெட்யூலர் வரிசை மட்டும் ஒரே ஒரு செயலியில்தான் ஓட வேண்டும்.

இழைகளைக் கூட்டியும் வேகம் வரவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். 2022 நவம்பரில் ட்விட்டரிலிருந்து கூட்டம் பெயர்ந்தபோது ஹாக்கிடெர்ம் சர்வர் சில நூறு பேரிலிருந்து 30,000 பேர் அளவுக்கு வீங்கியது. வீட்டு நிலவறையில் இருந்த கருவிகளில் ஓடிக்கொண்டிருந்த அது, ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்து சர்வர்களுக்கு மாற்றப்பட்டது. வரிசைகள் தேங்கியதற்கு அடியில் இருந்தவற்றில் முக்கியமானது, பழுதாகிக்கொண்டிருந்த டிஸ்க்கும் அதன் மேல் என்எஃப்எஸ் என்ற வலைக் கோப்பு முறை வழியாகப் பகிரப்பட்ட படக் கோப்புகளும். படங்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற தனிச் சேமிப்புச் சேவைக்கு மாற்றிய பிறகே மூச்சு வந்தது. சிறிய சர்வருக்கும் இதே விதிதான்: தரவுத்தளம் இருக்கும் டிஸ்க்கில் படக் கேஷை, அதாவது பிற சர்வர்களின் படங்களின் தற்காலிக நகல்களை, வைக்காதீர்கள்.

வரிசைகள் எல்லாம் காலி, ஆனாலும் சில சர்வர்களிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை என்றால், சிக்கல் வாசலில்.

அதிகம் மாட்டுவது பாட் தடுப்பு. கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையில் பாட் எதிர்ப்பு வசதியை இயக்கினால், உங்கள் இன்பாக்ஸுக்கு வரும் பிற சர்வர்களும் பாட் என்றே கணக்கு. அவற்றுக்கு 403 என்ற மறுப்பு போகும், உங்கள் லாகில் எதுவும் பதியாது. இன்பாக்ஸ், பயனர் பக்கம், கணக்கைக் கண்டுபிடிக்க உதவும் வெப்ஃபிங்கர் ஆகிய பாதைகளுக்கு விலக்கு கொடுங்கள். அடுத்தது பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ். இடைநிலைச் சான்றிதழைச் சேர்க்காமல் விட்டால் உலாவி எப்படியோ சமாளித்துப் பச்சை காட்டும், ஆனால் மறுபக்க சர்வரின் நிரல் ஏற்காது. உலாவியில் திறக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். வேறொரு லினக்ஸ் கணினியின் கட்டளை வரியிலிருந்து சோதியுங்கள். ஐபிவி6 முகவரியை டிஎன்எஸ்ஸில் போட்டுவிட்டு சர்வரில் அதைத் திறக்காமல் விடுவதும் இதே ரகம்: சிலருக்கு வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது.

அப்புறம் கையொப்பம். ஒவ்வொரு அஞ்சலும் முகவரிப் பாதை, ஹோஸ்ட் பெயர், தேதி, உள்ளடக்கச் சுருக்கம் ஆகியவற்றின் மேல் கையொப்பமிட்டு வரும். முன்னால் நிற்கும் ப்ராக்ஸி ஹோஸ்ட் பெயரை மாற்றி உள்ளே அனுப்பினால் எல்லா அஞ்சலும் 401 என்று நிராகரிக்கப்படும். சர்வரின் கடிகாரம் தவறினாலும் அதேதான். மாஸ்டடான் 12 மணி நேரத்துக்கு மேல் பழைய தேதியை ஏற்காது. கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நேர மண்டலம் குழம்பிய மெய்நிகர் கணினிகளில் இது நடக்கிறது.

ஒரு வாரம் படுத்த சர்வர்

உங்கள் சர்வர் விழுந்தால் மற்ற சர்வர்கள் என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பும் மாஸ்டடான் ஒரு செய்தியை 16 முறை வரை, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும். அந்த முயற்சிகள் தீர்ந்தால் செய்தி சத்தமில்லாமல் கைவிடப்படும். சைட்கிக்கின் இறந்த வேலைகள் பட்டியலில்கூட அது இருக்காது, அங்கே தேடிப் பயனில்லை. வெவ்வேறு 7 நாட்களில் தோல்வி பதிவானால் உங்கள் சர்வரையே கிடைக்காதது என்று குறித்து வைத்து, அனுப்புவதை நிறுத்திவிடும்.

எனவே ஓரிரு நாள் படுத்தால் பெரும்பாலானவை தானாக வந்து சேரும். ஒரு வாரத்தைத் தாண்டினால் கதை வேறு. நீங்கள் எழுந்தது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் சர்வரிலிருந்து கையொப்பமிட்ட ஏதாவது ஒரு செய்தி அவர்களின் இன்பாக்ஸுக்குப் போனால்தான் அந்தக் குறி நீங்கும், அல்லது அந்தப் பக்க அட்மின் நிர்வாகப் பலகையில் அதைக் கையால் நீக்க வேண்டும். ‘வந்துவிட்டோம்’ என்று ஒரு பொதுப் பதிவு போட்டால், உங்களைப் பின்தொடர்பவர்கள் உள்ள சர்வர்கள் விழித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பின்தொடர்ந்து, உங்களை யாரும் பின்தொடராத சர்வர்களுக்கு அந்தப் பதிவு போகவே போகாது. அந்தச் சர்வர்களில் ஒருவரின் பதிவுக்கு ஒரு விருப்பக் குறி போட்டால் போதும், அது நேரே அவருடைய இன்பாக்ஸுக்குப் போகும். நின்றிருந்த காலத்துப் பதிவுகள் இதனால் திரும்பி வரா. இனி வருபவை வரும்.

பழைய காப்பு நகலிலிருந்து (பேக்கப்) மீட்டால் வேறு கோளாறு. காப்பு எடுத்த பிறகு நடந்த பின்தொடர்தல்கள் அந்தப் பக்கம் இருக்கும், இந்தப் பக்கம் இருக்காது. மாஸ்டடான் 3.3 முதல் பின்தொடர்பவர்களுக்கு மட்டுமான பதிவுகளோடு பின்தொடர்பவர் பட்டியலின் சுருக்கம் ஒன்றும் போகிறது. இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் அது சரிசெய்யும். சரிசெய்வது என்றால் ஒருதலைத் தொடர்பை அறுத்துவிடுவது. இழந்ததைத் திருப்பித் தராது.

தரவுத்தளமே போய்விட்டது, அதே டொமைனில் புதிதாக நிறுவலாம் என்று எண்ணுகிறீர்களா? வேண்டாம். பழைய கணக்குகளின் கையொப்பச் சாவிகளை மற்ற சர்வர்கள் சேமித்து வைத்திருக்கின்றன. புதுச் சாவியோடு அதே பெயர் வந்தால் மாதக்கணக்கில் புரியாத கையொப்பப் பிழைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். புதிய துணை டொமைன் எடுப்பது நல்லது.

மாஸ்டடான் 4.5: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

பாதை சரியாக இருக்கிறது, பதில்கள்தான் இல்லை என்றால் முதல் தேர்வு மென்பொருளை ஏற்றுவது. ஒரு பதிவைத் திறக்கும்போது அதன் மூல சர்வரிடம் பதில்களின் பட்டியலைக் கேட்டு, பிறகு ஒவ்வொரு பதிலின் சொந்த சர்வரிடமும் போய், முழு இழையையும் கொண்டுவரும் வசதி 2025 ஜூலையில் வந்த 4.4இல் சோதனை நிலையில் இருந்தது. அமைப்புக் கோப்பில் நாமே இயக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வந்த 4.5இல் இயல்பாகவே இயங்குகிறது.

இயல்பு அளவுகள் நிதானமானவை. பதிவு எழுதி 5 நிமிடம் ஆன பிறகே தேடும். ஒரு பதிவுக்காகத் தேடினால் அடுத்த 15 நிமிடம் மறுபடி தேடாது. ஒரு பதிவுக்கு 500, மொத்த இழைக்கு 1,000 பதில் என்று வரம்பு. சிறிய சர்வரில் இவற்றைக் கூட்டாதீர்கள். பரபரப்பான இழை ஒன்றை நூறு சிறிய சர்வர்கள் ஒரே நேரத்தில் திறந்தால், அடி வாங்குவது அந்த மூல சர்வர்தான்.

இதனால் ஆகாதவையும் உண்டு. பதில் பட்டியலை வெளியிடாத மென்பொருளிலிருந்து வரும் கிளை அப்போதும் தெரியாது. ஹேஷ்டேக் தேடல் நிறையாது. புதிதாகப் பின்தொடர்ந்தவரின் பழைய பதிவுகளும் வரா. யாராவது திறந்து பார்க்கும் இழைக்கு மட்டும்தான் வேலை நடக்கும். அதுவே இதன் சிறப்பும்கூட: படிக்கப்படாத எதையும் சேமிப்பதில்லை.

ஃபெடிஃபெட்சர்: அட்மின் அல்லாதவருக்கு

இது பைத்தானில் எழுதப்பட்ட ஸ்கிரிப்ட். உங்கள் கணக்கின் டோக்கனை, அதாவது அணுகல் சாவியை, கொடுத்தால், உங்கள் முகப்பு ஓடையில் உள்ள பதிவுகளின் பதில்களைப் பிற சர்வர்களின் பொது ஏபிஐயில் (நிரல்கள் தரவு கேட்கும் வாசல்) கேட்டு, ஒவ்வொரு முகவரியையும் உங்கள் சர்வரின் தேடலில் கொடுத்து உள்ளே இழுக்கும். நாம் கையால் முகவரியை ஒட்டிப் பார்த்தோமே, அதையே நூற்றுக்கணக்கில் செய்கிறது. சர்வரில் எந்த நிறுவலும் தேவையில்லை. ஆகவே அட்மின் மேம்படுத்த மறுக்கும் சர்வரில் இருக்கும் தனிநபருக்கு இது கைகொடுக்கும்.

4.5க்குப் பிறகு பதில்களுக்காக இதை ஓட்டுவது வீண். இன்னும் இது தேவைப்படும் இடம், புதிதாகப் பின்தொடர்ந்தவர்களின் பழைய பதிவுகளை நிரப்புவது. முகப்பு ஓடையில் 200 பதிவு, பின்தொடர்பவை 80 கணக்கு என்ற அளவில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேர அட்டவணைக் கருவியான கிரானில் ஓட்டலாம். சர்வரில் உள்ள எல்லாருடைய பதில்களுக்கும் சேர்த்து ஓட்ட வேண்டுமானால் நிர்வாக டோக்கன் வேண்டும். அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

இரண்டு இடங்களில் இது உடையும். ஏற்கெனவே பார்த்த முகவரிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். டாக்கரில் நிலையான வால்யூம் (அழியாத சேமிப்பிடம்) இணைக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு அழிந்து, பழைய பதிவுகளையே திரும்பத் திரும்பக் கேட்டு மற்ற சர்வர்களைத் தொல்லை செய்யும். சில அட்மின்கள் உங்கள் ஐபியைத் தடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. இன்னொன்று பூட்டுக் கோப்பு. பாதியில் செயலி கொல்லப்பட்டால் பூட்டு அப்படியே நிற்கும், இயல்பாக 24 மணி நேரம் அடுத்த ஓட்டங்கள் மறுத்துவிடும். கிட்ஹபின் தானியங்கிச் சேவையான ஆக்ஷன்ஸில் இலவசமாக ஓட்டுபவர்கள், 60 நாள் அசைவில்லாத பொதுக் களஞ்சியத்தில் நேர அட்டவணை தானாக நிறுத்தப்படும் என்பதை நினைவில் வைக்கவும்.

ரிலே: கடைசியில் யோசியுங்கள்

பலரும் முதலில் சேர்ப்பது இதைத்தான். நிர்வாகப் பக்கத்தில் முகவரியைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சில நிமிடத்தில் கூட்டு ஓடை, அதாவது நம் சர்வருக்கு வந்து சேரும் எல்லாப் பொதுப் பதிவுகளின் ஓடை, நிரம்பி வழியும். சேர்ந்துள்ள சர்வர்களின் பொதுப் பதிவுகள் அனைத்தும் உங்களுக்கு வரும், உங்களுடையவை அனைத்தும் அவர்களுக்குப் போகும்.

பதில் குறைகிறது என்ற நோய்க்கு இது பொருந்தாத மருந்து. நீங்கள் படிக்கும் இழையின் பதில்கள் அந்த ரிலேயில் சேர்ந்த சர்வரிலிருந்து எழுதப்பட்டிருந்தால் வரும், இல்லையேல் வரா. சொம்புத் தண்ணீருக்காக வாய்க்காலை வீட்டுக்குள் திருப்பிய கணக்கு.

செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ரிலே நாளுக்கு 50,000 பதிவு தருகிறது, அதில் மூன்றில் ஒன்றில் சராசரி 300 கேபி படம் இருக்கிறது என்று வைப்போம். நாளுக்கு 5 ஜிபி. கேஷை 7 நாள் வைத்தால் 35 ஜிபி எப்போதும் நிற்கும். தரவுத்தளம் வளர்வது தனி, அது தானாகக் குறையாது. அத்தனை பதிவும் இன்கிரஸ் வரிசை வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பதால், 2 கோர் சர்வரில் உங்கள் ஆட்கள் உண்மையில் பின்தொடரும் பதிவுகள் அந்தக் கூட்டத்தின் பின்னால் நின்று தாமதமாகும். பதிவு வரவில்லை என்று ரிலே சேர்த்தவருக்கு, ரிலேயாலேயே பதிவு வராமல் போவது இப்படித்தான்.

பாதுகாப்பு முறையை, அதாவது கையொப்பமில்லாமல் யாரும் பதிவைப் படிக்க முடியாத அமைப்பை, இயக்கியிருந்தால் ரிலே சரியாக ஓடாது. நிர்வாகப் பக்கமே அப்படி எச்சரிக்கும். ரிலேயை நடத்துபவரின் மட்டுறுத்தல் தரமும் உங்கள் வீட்டுக்குள் வரும்.

ரிலே பொருந்தும் இடம் ஒன்று உண்டு: ஹேஷ்டேக். ஒரு மொழிக்கோ துறைக்கோ உரிய சிறிய ரிலே, அல்லது குறிப்பிட்ட ஹேஷ்டேக்கை மட்டும் தரும் ஃபெடி.பஸ் போன்ற ரிலே. தமிழில் எழுதுபவர்கள் பல சர்வர்களில் சிதறிக் கிடப்பதால், ‘தமிழ்’ போன்ற ஓரிரு ஹேஷ்டேக்கை மட்டும் இழுப்பது குறைந்த செலவில் நல்ல பயன். முழுக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை.

டிஸ்க் நிரம்பியதும் அட்மின்கள் செய்யும் பிழை ஒன்று இங்கே சொல்லத் தக்கது. உள்ளடக்க வைப்புக் காலம் என்ற அமைப்புப் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் உண்டு. ஒன்று படக் கேஷுக்கு: அதில் 7 என்று போட்டால் பழைய வெளிப் படங்கள் நீங்கும், தேவைப்படும்போது மறுபடி வரும். மற்றொன்று பிற சர்வர்களின் பதிவுகளுக்கு: அதில் 7 என்று போட்டால் உங்கள் பயனர்கள் புத்தகக்குறி இட்டதும் விரும்பியதும் சேர்த்து எல்லா வெளிப் பதிவுகளும் அழியும். பழைய இழைகள் பாதியாகத் தெரிகின்றன என்று புகார் வந்தால் இந்த இரண்டாவது பெட்டியையும் பாருங்கள். அது காலியாக இருக்கட்டும்.

லெம்மி நடத்துபவர்களுக்கு

வாக்கிட்டு உரையாடும் மன்றம் போன்ற லெம்மியில் சர்வர்களுக்கு இடையிலான தூரமே பழுதாகலாம். மாஸ்டடான் பல வேலை இழைகளில் ஒரே நேரத்தில் அனுப்பும். வரிசை மாறலாம், வேகம் கிடைக்கும். வரிசை மாறுவதால் அழிப்புச் செய்தி முதலிலும் பதிவு பிறகும் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம்: மாஸ்டடான் அழிப்பை 6 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும், அதற்குப் பிறகு வந்தால் அழித்த பதிவு உயிரோடு நிற்கும். லெம்மி 0.19 இந்த வம்பே வேண்டாம் என்று ஒரு சர்வருக்கு ஒரு நேரத்தில் ஒரு செய்தி, பதில் வந்த பிறகே அடுத்தது என்று வைத்தது. தொலையாது, வரிசை மாறாது. ஆனால் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்வர 300 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு மூன்றுக்குச் சற்று மேல்தான், நாளுக்கு ஏறத்தாழ 2.9 லட்சம். ஒவ்வொரு வாக்கும் ஒரு செய்தி. ஐரோப்பாவிலுள்ள பெரிய லெம்மி.வேர்ல்ட் அதைவிட அதிகம் உருவாக்கியபோது ஆஸ்திரேலியாவின் ஆஸி.சோன் நாட்கணக்கில் பின்தங்கியது. எவ்வளவு ராம் வாங்கினாலும் இது தீராது. 0.19.6இல் ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் பல செய்தி அனுப்பும் அமைப்பு வந்தது. அதை இயக்க வேண்டியவர் அனுப்பும் பக்கத்து அட்மின், பெறும் பக்கம் தவிப்பவர் அல்ல. ஆகவே லெம்மி சர்வரை எங்கே வைப்பது என்று சென்னையிலோ கொழும்பிலோ இருந்து யோசிப்பவர், பயனருக்கு அருகில் என்பதைவிடப் பெரிய சர்வர்கள் குவிந்திருக்கும் ஜெர்மனி, பின்லாந்துப் பக்கம் என்று முடிவெடுப்பதே சரி. மாஸ்டடானுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

இடம் மாறுவது

பராமரிக்க ஆளில்லை, வாரம் ஒருமுறை ஏதோ ஒன்று நிற்கிறது என்றால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. அப்போது மூன்று வாசல்.

பெரிய சர்வர்: ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்வதால் பெரும்பாலான பதிவுகள் ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருக்கும், ஹேஷ்டேக்கும் தேடலும் நிறைவாக இருக்கும். ஆனால் உங்கள் விதிகள் இருக்காது. வாடகைக்கு நிர்வகித்துத் தரும் மாஸ்டோ.ஹோஸ்ட் போன்ற சேவை: குழாய்க் கவலை தீரும், பதில் குறைவது சிறிய சர்வர் என்பதால் அப்படியே இருக்கும். மாறும் முன் எந்தப் பதிப்பு ஓடுகிறது, காப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, முழுத் தரவுத்தளத்தையும் கேட்டால் தருவார்களா என்று விசாரியுங்கள். ஐந்து பேருக்குள் என்றால் கோடுசோஷியல்: 250 முதல் 350 எம்பி ராமில் ஓடும், தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் போதும், இழைகளைத் தானே தேடி எடுக்கும். எழுதுவதற்கு வலைமுகப்பு அதோடு வராது, வேறு ஆப் வேண்டும். மாஸ்டடான் இருந்த அதே டொமைனில் இதை வைக்கக் கூடாது, காரணம் முன்பு சொன்ன சாவிச் சிக்கல்தான்.

முழுமைதான் வேண்டும், பல சர்வர்கள் சமமாகக் கூடி இயங்கும் கூட்டாட்சி எப்படிப் போனாலும் சரி என்பவருக்கு ப்ளூஸ்கை இருக்கிறது. அங்கே எல்லாரின் பதிவும் ரிலே வழியாக ஒரே ஓடையாகித் தொகுப்பு சர்வருக்குப் போவதால் பதில் எண்ணிக்கை இடத்துக்கிடம் மாறாது. அந்தத் தொகுப்பை நடத்த ஆகும் செலவை ஒரு சிறு குழுவால் தாங்க முடியாது, அதனால் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் தொகுப்பைத்தான் சார்ந்திருக்கிறார்கள். அந்தச் சார்பை ஏற்பதா என்பதில்தான் உங்கள் முடிவு நிற்கும்.

மாஸ்டடானுக்குள்ளேயே மாறுவதானால், பின்தொடர்பவர்கள் தானாக வருவார்கள், பதிவுகள் வரா. ஒருமுறை மாறினால் மறுபடி மாற 30 நாள் காத்திருக்க வேண்டும். மாற்றச் செய்தியை அனுப்புவது பழைய சர்வர் என்பதால் அது உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும். 2023 பிப்ரவரியில் மூடலை அறிவித்த மாஸ்டடான்.லால் மே மாதம் வரை அவகாசம் தந்தது. 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் தளத்தின் டொமைனை ஆப்கானிஸ்தானின் பதிவகம் முடக்கியபோது அங்கே அப்படி அவகாசம் எதுவும் கிடைக்கவில்லை. எனவே சேரப்போகும் சர்வரின் டொமைன் எந்த நாட்டின் முடிவெழுத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மாஸ்டடானின் சர்வர் உடன்படிக்கையில் சேர்ந்த தளம் என்றால் தினமும் காப்பு, அவசரத்துக்கு இன்னொருவரிடம் அணுகல், மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய சர்வரை வெறுமனே அணைத்துவிடாதீர்கள். மாஸ்டடானின் கட்டளைக் கருவியில் தன்னழிப்புக் கட்டளை இருக்கிறது. அது தெரிந்த எல்லா சர்வர்களுக்கும் கணக்கு அழிப்புச் செய்தி அனுப்பும், சைட்கிக் வரிசை முழுவதும் தீரும்வரை சர்வரை ஓடவிட வேண்டும். அதன் பிறகும் டொமைனைச் சில ஆண்டுகள் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கினால் உங்கள் ஆட்களின் பழைய முகவரிகள் அவர் கையில்.